வெட்டுப்பட்ட ஆட்டின் கணக்கு

1749 ஆகஸ்ட் 3 அன்று ஆம்பூரில் நடந்த போர் ஒரே ஒரு மனிதரின் சாவோடு முடிந்துபோனது. ஆர்க்காட்டு நவாப் அன்வருதீன் கான் யானை மேல் இருந்தபடியே சுடப்பட்டு விழுந்தார். அதுவரை மலையடிவாரத்தில் அரண் எழுப்பி வழியை மறித்து நின்ற அவருடைய படை கலைந்தது. அவரை எதிர்த்து வந்த சந்தா சாகிபும் முசாபர் ஜங்கும் அவர்களுக்குத் துணைவந்த பிரெஞ்சுக்காரர்களும் வென்றார்கள். இறந்தவரின் மகன் முகம்மது அலி திருச்சிராப்பள்ளிக்குத் தப்பி ஓடினார். அன்று நவாபின் பக்கம் ஆள் மிச்சமிருந்தது, ஆயுதம் மிச்சமிருந்தது, தலைவர் மட்டும் இல்லை. சதுரங்கத்தின் கணக்கும் இதுதான். ராஜா கட்டுப்பட்டால் பலகையில் நிற்கும் மற்றக் காய்களுக்கு வேலை கிடையாது. ஆனால் தமிழ்நாட்டின் மற்ற ஊர்களைப் போலவே பாலாற்றங்கரை ஊர்களிலும் திண்ணையில் கரித்துண்டால் கோடு கிழித்து ஆடப்பட்ட ஆடுபுலி ஆட்டத்தில் ராஜா என்று ஒரு காயே இல்லை. தலைவர் இல்லாத பதினைந்து ஆடுகள், அவற்றைத் தின்ன மூன்று புலிகள், அவ்வளவுதான். இதை வேட்டை விளையாட்டு என்று வகைப்படுத்துகிறார்கள். போர்த்தந்திரம் கற்பிக்கும் விளையாட்டு என்று புகழ்கிறார்கள். இரண்டும் இதன் உயிர்நாடியைத் தொடவில்லை. இது பிழைத்திருப்பதைப் பற்றிய ஆட்டம். எது போனால் தாங்கலாம், எது போனால் மந்தையே போய்விடும் என்று நாள்தோறும் கணக்குப் பார்த்தவர்களின் அறிவு இதன் விதிகளுக்குள் உறைந்திருக்கிறது. வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு என்று நீளும் தோல் வட்டாரத்தின் பழைய கதையோடு சேர்த்துப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகத் தெரியும். பலகையிலிருந்து எடுக்கப்பட்ட ஆட்டுக்கு என்ன ஆகிறது என்பதை ஆட்டம் சொல்வதில்லை. இந்த ஊர்கள் சொல்கின்றன.

முதலில் விதிகளைப் பார்ப்போம், ஏனென்றால் வாதத்தின் பாதி அங்கேயே இருக்கிறது. உச்சியில் ஒரு புள்ளி. அதிலிருந்து நான்கு கோடுகள் விரிந்து இறங்கி அடிக்கோட்டைத் தொடும். குறுக்கே மூன்று கோடுகள் அவற்றை வெட்டி இரு பக்கமும் வெளியே நீளும். வெளியே நீண்ட முனைகளை மேலும் கீழுமாக இணைத்தால் கட்டம் தயார். மொத்தம் 23 சந்திகள். புலி மூன்றும் பெரும்பாலும் தொடக்கத்திலேயே உச்சியிலும் அதை ஒட்டிய கீழ்ச் சந்திகளிலும் வந்து உட்கார்ந்துவிடும். ஆடுகள் கையில் இருக்கும். ஒரு முறைக்கு ஒன்றாக இறக்கவேண்டும். பதினைந்தும் இறங்கி முடியும்வரை இறங்கிய எதுவும் நகரக் கூடாது. புலியோ முதல் ஆடு தரையைத் தொட்ட கணத்திலிருந்தே நகரலாம். பக்கத்தில் நிற்கும் ஆட்டுக்கு நேர் அப்பால் சந்தி காலியாக இருந்தால் தாண்டி வெட்டலாம். ஆடு எந்தக் காலத்திலும் புலியை வெட்ட முடியாது. மூன்று புலியும் அசைய இடமில்லாமல் அடைபட்டால் ஆட்டுக்காரர் ஜெயிக்கிறார். மந்தை மீள முடியாத அளவுக்குக் குறைந்தால் புலிக்காரர் ஜெயிக்கிறார். எத்தனை போனால் தோல்வி என்ற எண் ஊருக்கு ஊர் மாறும். புளியங்கொட்டையும் கூழாங்கல்லும் போதும். தாயக்கட்டை கிடையாது, ஆகவே அதிர்ஷ்டத்தின் மேல் பழி போடவும் வழி கிடையாது.

இந்த எண்களைக் கொஞ்சம் உற்றுப் பார்க்கவேண்டும். ஓர் ஆடும் போகாமல் பதினைந்தும் இறங்கிவிட்டால் 23 சந்தியில் 18 நிறைந்துவிடும், ஐந்து மட்டுமே காலி. அந்த ஐந்துதான் ஆட்டத்தின் மூச்சு. ஓர் ஆடு வெட்டுப்படும்போது நட்டம் ஒன்றல்ல, இரண்டு: மறிப்பதற்கு ஒரு காய் குறைகிறது, புலி குதிக்க ஓர் இடம் கூடுகிறது. முதல் நட்டம் சமாளிக்கக்கூடியது, மூன்றாவது கவலைக்குரியது, அதற்குப் பிறகு ஒவ்வொன்றும் அடுத்ததை இழுத்துக்கொண்டு வரும். மந்தை வைத்திருப்பவர் யாரைக் கேட்டாலும் பஞ்சத்திலும் நோயிலும் ஆடுகள் இப்படித்தான் போகும் என்பார். முதலில் ஒன்று, பிறகு கொத்தாக. இன்னொரு விதியும் இதே அனுபவத்திலிருந்து வந்தது போலவே இருக்கிறது. கோடு முடிகிற முனையில் நிற்கும் ஆட்டுக்கு அப்பால் சந்தி கிடையாது, ஆகவே அதைத் தாண்ட முடியாது. முதுகோடு முதுகாக நிற்கும் இரண்டு ஆடுகளையும் அந்தத் திசையில் தாண்ட முடியாது. ஆட்டுக்காரர் முதலில் கற்பது ஓரத்தைப் பிடி, ஒட்டி நில் என்ற இரண்டு பாடம். தனியே மேயப் போன ஆடுதான் முதலில் போகும். பட்டியில் அடைப்பவருக்கும் கிடை போடுபவருக்கும் இதைச் சொல்லித்தரத் தேவையில்லை.

ஆட்டத்தின் கறுப்பு நகைச்சுவையும் இங்கேதான் பிறக்கிறது. தேர்ந்த ஆட்டுக்காரர் சில நேரம் வேண்டுமென்றே ஓர் ஆட்டைத் திறந்த வெளியில் நிறுத்துவார். புலி வெட்டும்; வெட்டி இறங்கிய இடம் மூலையாக இருக்கும்; அடுத்த இரண்டு நகர்வில் அதன் பின்னால் வழி மூடப்படும். பசியே புலிக்குக் கண்ணியாகிறது. பார்த்துக்கொண்டிருப்பவர்கள் சிரிப்பது அந்த நேரத்தில்தான், அதுவும் ஓர் ஆடு செத்ததைப் பார்த்துச் சிரிக்கும் சிரிப்பு. இக்காலக் கணினி விளையாட்டுகளில் பிழைத்திருத்தலையே பொருளாகக் கொண்ட ஒரு தனி வகை வளர்ந்திருக்கிறது. கனடாவின் கிளெய் நிறுவனம் 2013-இல் வெளியிட்ட ‘டோன்ட் ஸ்டார்வ்’ அதில் நன்கு அறியப்பட்ட ஒன்று. இருண்ட காட்டில் மாட்டிக்கொண்ட ஒரு மனிதர் பசியாலும் இருட்டாலும் சாகாமல் எத்தனை நாள் தாங்குகிறார் என்பதே கேள்வி, சாவு கோமாளித்தனமாகவும் கொடூரமாகவும் ஒரே மூச்சில் வரும். ஆடுபுலி ஆட்டத்தை அதன் பக்கத்தில் வைத்தால் ஒரு வேறுபாடு பளிச்சென்று தெரிகிறது. அங்கே பிழைக்கவேண்டியது ஓர் உயிர், அது போனால் எல்லாம் போயிற்று. இங்கே பிழைக்கவேண்டியது மந்தை. எந்த ஓர் ஆடும் முக்கியமில்லை, ஆனால் ஒவ்வொன்றும் கணக்கில் உண்டு. அந்த இரண்டையும் ஒன்றாகப் பிடித்துக்கொள்ளும் மனம் வேட்டைக்காரருடையதும் அல்ல, படைத்தலைவருடையதும் அல்ல. அது மேய்ப்பவருடையது.

இந்த வட்டாரத்தின் நிலமும் அதற்குச் சாட்சி சொல்கிறது. பாலாற்றுப் பள்ளத்தாக்கின் ஒரு பக்கம் ஜவ்வாது மலையும் ஏலகிரியும், மறு பக்கம் ஆந்திர எல்லையோரக் காடுகள். ஆற்றோரத்தில் நஞ்சை, மலையடியில் கல்லும் முள்ளும் கலந்த மேய்ச்சல் தரை. வெள்ளாட்டுக்கு ஏற்ற நிலம், சிறுத்தைக்கும் ஏற்ற நிலம். ஏலகிரியில் மனிதரைத் தின்ற ஒரு சிறுத்தையைப் பற்றி வேட்டை எழுத்தாளர் கென்னத் ஆண்டர்சன் தனிக் கதையே எழுதியிருக்கிறார். 2024 ஜூனில் திருப்பத்தூர் நகருக்குள்ளேயே ஒரு சிறுத்தை வந்து பிடிபட்டது. சிறுத்தையை மக்கள் புலி என்றும் சிறுத்தைப்புலி என்றும் சொல்வதுண்டு, ஆகவே ஆட்டத்தின் புலி வரிப்புலியாகத்தான் இருக்கவேண்டும் என்பதில்லை. இதே வடபுலத்தில் செங்கம் தொடங்கி நூற்றுக்கணக்கான நடுகற்கள் கிடைத்திருக்கின்றன, 1972-இல் தொல்லியலாளர் இரா. நாகசாமி பதிப்பித்த ‘செங்கம் நடுகற்கள்’ நூல் அவற்றை உலகறியச் செய்தது. பல்லவர் காலத்துக் கல்லெழுத்துகளில் மந்தைக்குத் தொறு என்று பெயர். தொறுவைக் கவர்ந்தவர்களோடு பொருது செத்தவருக்குக் கல், தொறுவை மீட்டுச் செத்தவருக்குக் கல். புலியோடு மோதிச் செத்தவருக்கும் கல் நட்டார்கள், புலிக்குத்திக் கல் என்று. இந்தக் கற்களையும் அந்தக் கட்டத்தையும் ஒருசேர எண்ணிப் பார்க்கவேண்டும். இரண்டும் மந்தையைக் காப்பதைப் பற்றியவை. கல் நினைவில் வைப்பது எதிர்த்து நின்று மாண்ட ஒருவரை. கட்டம் நினைவில் வைப்பது யாரும் எதிர்த்து நிற்காமல், ஒட்டி நின்று, வழியை மூடி, புலியை உயிரோடு உட்காரவைத்த வித்தையை. கல் நடப்படாத பல ஆயிரம் நாட்களில் மந்தை எப்படிப் பிழைத்தது என்ற கேள்விக்கு விடை இரண்டாவதில்தான் இருக்கிறது.

இதற்கு மறுப்பு சொல்பவர்கள் முதலில் கோயிலைக் காட்டுவார்கள். ஆடுபுலிக் கட்டம் நமக்குப் பழமையாகக் கிடைப்பது மண்டபத் தரைகளில், பாறைப் படிகளில். ஹம்பியின் விஜயநகர இடிபாடுகளில் இப்படிப்பட்ட கட்டங்கள் ஏராளம். அரசும் கோயிலும் இருந்த இடத்தில்தானே சான்று இருக்கிறது, மேய்ச்சல் காட்டில் இல்லையே என்பது கேள்வி. நியாயமான கேள்விதான். ஆனால் கல்லில் கிடைப்பது கல் நிலைப்பதால். கரிக்கோடு அடுத்த மழையில் போய்விடும், மண்ணில் கிழித்தது அடுத்த மிதியில். நிலைத்ததை மட்டும் வைத்துத் தோற்றத்தைச் சொன்னால், மேய்ப்பவர் எதையுமே படைக்கவில்லை என்றுதான் எப்போதும் முடியும். அந்தக் கட்டங்கள் தரையில் இருக்கும் விதமும் கவனிக்கத்தக்கது. அவை சிற்பி திட்டமிட்டுச் செதுக்கியவை போல் இல்லை. கோணலாக, தூணோரமாக, நிழல் விழும் இடமாகப் பார்த்து, தரை போட்ட பிறகு எவரோ உளியால் கீறியவை. கல் தச்சரோ, காவலரோ, சுமைகூலியோ, திருவிழாவுக்கு வந்து வெயிலுக்கு ஒதுங்கியவரோ கீறியிருக்கலாம். அரசவை அவற்றைச் செய்திருந்தால் பலகை இழைத்து வண்ணம் பூசியிருக்கும்.

இரண்டாவது மறுப்பு கொஞ்சம் கடினமானது. இந்த வகை ஆட்டம் உலகெங்கும் உண்டு. ஐரோப்பாவில் ஒரு நரியும் ஒரு கூட்டம் வாத்துகளும். நேபாளத்தின் பாக் சாலில் நான்கு புலியும் இருபது ஆடும். ஆந்திரத்தில் புலிமேக, கன்னடத்தில் ஆடு ஹுலி. எச். ஜே. ஆர். மர்ரே 1952-இல் எழுதிய பலகை விளையாட்டு வரலாற்றில் போர் ஆட்டங்களையும் வேட்டை ஆட்டங்களையும் தனித்தனி வகையாகவே பிரித்து, இவற்றை வேட்டையில் சேர்த்தார். அப்படியிருக்க இதை ஒரு வட்டாரத்தின் வாழ்வோடு எப்படி முடிச்சுப் போடுவது? இந்த ஆட்டம் ஆம்பூரில் பிறந்தது என்பது என் வாதமல்ல. எங்கே பிறந்தது என்று எவராலும் சொல்ல முடியாது. ஆனால் பரவிய ஒன்று சென்ற இடத்தின் விலங்குகளை ஏன் எடுத்துக்கொள்கிறது என்று கேட்கவேண்டும். வரிப்புலியே இல்லாத இலங்கையில் சிங்களர் இதைச் சிறுத்தையின் ஆட்டம், அதாவது திவியன் கெளிய, என்கிறார்கள்; 1909-இல் ஹென்றி பார்க்கர் தமிழர்களின் சிறுத்தை ஆட்டம் என்ற பெயரோடே ஒன்றைப் பதிந்துவைத்தார். வாத்து வளர்த்தவரிடம் நரி வந்தது, ஆடு வளர்த்தவரிடம் புலி வந்தது, தீவில் சிறுத்தை வந்தது. ஒவ்வொரு நாட்டிலும் தன் பட்டிக்குள் எது நுழையும் என்று அறிந்தவர்களே பெயர் வைத்திருக்கிறார்கள். மர்ரேயின் வகைப்பெயரைப் பொறுத்தவரை, வேட்டை என்ற சொல் புலியின் பக்கமிருந்து பார்த்த பார்வை. பாக் சாலை லிம் யூ ஜின், யூர்க் நீவர்கெல்ட் என்ற இருவர் கணினி கொண்டு முடிவுவரை ஆராய்ந்து, இரு பக்கமும் பிழையின்றி ஆடினால் வெற்றிதோல்வி இல்லை என்று நிறுவினார்கள். வெற்றியில் முடியவேண்டியது வேட்டை. யாரும் தவறு செய்யாதவரை ஆடு சாகவும் இல்லை புலி போகவும் இல்லை என்று நீண்டுகொண்டே இருப்பதற்கு மேய்ச்சல் என்றே பெயர் வைக்கலாம்.

புலியின் பக்கமிருந்து பார்த்தவர்கள் இந்த வட்டாரத்தில் இல்லாமல் இல்லை. அவர்கள் வேலூர்க் கோட்டைக்குள் இருந்தார்கள். 1799-இல் சீரங்கப்பட்டணம் வீழ்ந்த பிறகு திப்பு சுல்தானின் மக்களையும் குடும்பத்தையும் கிழக்கிந்தியக் கம்பெனியார் கொண்டுவந்து வைத்த இடம் அது. திப்புவுக்குப் புலிதான் எல்லாம்: அரியணையில் புலி, படைச் சீருடையில் புலிவரி, கொடியில் புலி. அவர் வைத்திருந்த மரப்பொம்மை ஒன்று உலகப் புகழ் பெற்றது. கீழே கிடக்கும் ஓர் ஐரோப்பியரின் மேல் புலி ஏறி நிற்கும். கைப்பிடியைச் சுழற்றினால் புலி உறுமும், அந்த மனிதரின் கை எழுந்து விழும், முனகல் கேட்கும். சீரங்கப்பட்டணத்தில் எடுக்கப்பட்ட அந்தப் பொம்மை 1808 முதல் லண்டனில் கம்பெனியின் மாளிகையில் காட்சிக்கு வைக்கப்பட்டது. இப்போது விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அரசரின் விளையாட்டுப் பொருளில் அரசர் எப்போதும் புலி. ஒரே பக்கம், ஒரே முடிவு. எத்தனை முறை சுழற்றினாலும் அந்த மனிதர் எழுந்திருப்பதில்லை. திண்ணையில் ஆடுகிறவர்களோ இந்த முறை புலி பிடித்தவர் அடுத்த முறை ஆடு பிடிக்கவேண்டும். அதிகாரத்தின் கற்பனையும் குடியானவர்களின் கற்பனையும் பிரிகிற இடம் இதுதான் என்று நினைக்கிறேன்.

1806 ஜூலை 10 விடியுமுன் அந்தக் கோட்டைக்குள் சிப்பாய்கள் எழுந்தபோது மைசூரின் புலிக்கொடி ஏறியது. எழுச்சிக்குக் காரணம் பல உண்டு. சின்னமாக நின்றது ஒரு துண்டுத் தோல். தலைமைத் தளபதி ஜான் கிரடாக் கொண்டுவந்த புதிய தலைப்பாகையில் தோலால் ஆன ஒரு குஞ்சம் இருந்தது. நெற்றிக்குறி கூடாது, காதில் கடுக்கன் கூடாது, முகமயிரைச் சொன்னபடி வெட்டு என்ற கட்டளைகளோடு அந்தத் தோலும் சேர்ந்தபோது, அது எந்த விலங்கின் தோல் என்ற கேள்வி இந்துவையும் முஸ்லிமையும் ஒன்றாகச் சுட்டது. ஆர்க்காட்டிலிருந்து பிரிட்டிஷ் அதிகாரி கில்லெஸ்பி குதிரைப்படையோடு அன்று காலையே வந்து கோட்டையை மீட்டு, கொன்று குவித்தார். கிரடாக்கும் ஆளுநர் பெண்டிங்கும் பிறகு திருப்பி அழைக்கப்பட்டார்கள். திப்புவின் மக்கள் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டார்கள். செத்த விலங்கின் தோல் எங்கிருந்து வந்தது, யார் கையால் ஆனது, யார் உடம்பில் ஏறுகிறது என்ற கேள்வி இந்த மண்ணில் எவ்வளவு கனமானது என்பதற்கு அந்தக் காலைப்பொழுதே போதும்.

ஆட்டத்தில் வெட்டுப்பட்ட ஆடு புலிக்காரரின் பக்கத்தில் ஓரமாக வைக்கப்படும். அதோடு அதன் கதை முடிந்தது. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் பேரணாம்பட்டிலும் அங்கிருந்துதான் இன்னொரு கதை தொடங்குகிறது. இறைச்சி போக வேண்டிய இடத்துக்குப் போகும் (ஆம்பூர்ப் பிரியாணியின் சீரகச்சம்பா அரிசிக்கு அறிமுகம் தேவையில்லை), தோல் உப்புப் போட்டு மண்டிக்குப் போகும். பிறகு ஊறவைத்து, சுண்ணாம்புக் குழியில் இட்டு, மயிர் களைந்து, சதை சீவி, ஆவாரம்பட்டைச் சாற்றில் பல நாள் கிடந்து, கடுக்காய் நீரில் நிறம் தெளிந்து வரும். கிழக்கிந்தியப் பதனம் என்று லண்டன் சந்தையில் பெயர்பெற்ற தோல் இப்படி ஆனதுதான். பாலாற்று மணலடியில் ஊறிய நீரும் காட்டோர ஆவாரமும் இதற்கு வாய்ப்பாக அமைந்தன. முதலும் வணிகமும் பெரும்பாலும் தமிழ் முஸ்லிம் குடும்பங்களிடம் இருந்தன. குழிக்குள் இறங்கிய கைகள் பெரும்பாலும் தலித் மக்களுடையவை. தோல் தொட்டவரைத் தீட்டென்று ஒதுக்கிய சமூகம் அந்தத் தோல் ஈட்டிய பணத்தை ஒதுக்கவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்காவில் குரோம் பதனம் வளர்ந்தபோது சென்னைத் துறைமுகத்திலிருந்து பதனிடாத ஆட்டுத்தோலே கப்பலேறத் தொடங்கி, இங்கே பதனிட்டவர்களின் வயிற்றில் அடித்தது. ஆல்பிரட் சாட்டர்டன் 1903-இல் சென்னையில் குரோம் பதனத்தைச் சோதனை செய்யத் தொடங்கியது இந்தச் சூழலில்தான். முதல் உலகப் போரில் படைவீரர்களின் பூட்சு மேல்தோலுக்காகச் சென்னை மாகாணத்தின் மாட்டுத்தோலை அரசே வாங்கிக் குவித்தது. 1948-இல் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் அடையாற்றில் வந்தது. 1970-களின் தொடக்கத்தில் சீதாராமையா குழுவின் பரிந்துரைப்படி பச்சைத்தோலும் அரைப்பதனத் தோலும் வெளியேறுவது கட்டுப்படுத்தப்பட்ட பின், ஆம்பூர் தோல் விற்ற ஊர் என்பதிலிருந்து காலணி தைக்கும் ஊர் என்பதற்கு மாறியது.

இந்த வணிகத்தின் மிக இருண்ட பக்கம் 1876 முதல் 1878 வரை நீடித்த பெரும்பஞ்சத்தில் தெரிந்தது. மழை இல்லை, மேய்ச்சல் இல்லை. வட ஆர்க்காடு மாவட்டமும் கடுமையாக அடிபட்டது. கால்நடைகள் கூட்டங்கூட்டமாகச் செத்தன. அந்த ஆண்டுகளில் சென்னை மாகாணத்திலிருந்து தோல் ஏற்றுமதி குறையவில்லை, பெருகியது. காரணம் எளிது. செத்த மாட்டுக்கும் ஆட்டுக்கும் தோல் உண்டு. குடியானவரிடம் விற்க வேறொன்றும் மிச்சமில்லை. சாவு பெருகினால் சரக்குப் பெருகும், சரக்குப் பெருகினால் தோலுக்கு விலை விழும், விலை விழுந்தால் அடுத்த மந்தை வாங்கக் கையில் காசு நிற்காது. கட்டத்தில் ஓர் ஆடு போகும்போது ஏற்படும் அந்த இரட்டை நட்டம் இங்கே நிலத்தில் எழுதிக் காட்டப்பட்டது. ஆடுபுலி ஆட்டம் கற்பித்த கணக்கு பஞ்சத்தை வெல்லவில்லை, வெல்லவும் முடியாது. எல்லாப் புலியையும் மூடுவதற்குப் போதுமான ஆடு மிஞ்சியிருந்தால்தான் அந்தக் கணக்கு செல்லும். ஆனாலும் மழை திரும்பிய பிறகு மிஞ்சிய இரண்டு மறியையும் ஒரு கிடாவையும் வைத்து மந்தையை மறுபடி எழுப்பியவர்கள் அதே கணக்கைத்தான் மறுபடி கையில் எடுத்தார்கள்.

கடைசியாக ஒரு மறுப்பு, இதை எளிதில் தள்ள முடியாது. ஆட்டின் பக்கம் நின்று பேசுவது அழகாக இருக்கலாம், ஆனால் இந்த வட்டாரத்தில் ஆட்டைத் தின்றது புலியா? புலியும் சிறுத்தையும் தின்றதைவிடப் பல ஆயிரம் மடங்கை அறுத்தது மனிதர்தான்; அதன் தோலில் ஊர்கள் எழுந்தன. அப்படியானால் மேய்ப்பவரின் அன்பும் கணக்கும் என்பது அறுப்பவரின் கணக்குதானே? ஆம், அதுதான். மேய்ப்பவர் ஆட்டை வளர்ப்பது விற்பதற்கு; புலியிடமிருந்து காப்பது தன் கையால் சந்தைக்கு ஓட்டிப்போவதற்கு. இதை மறைக்கத் தேவையில்லை, ஆட்டமும் மறைக்கவில்லை. கண்ணியாக ஓர் ஆட்டை நிறுத்தும் கை பாசத்தால் நடுங்குவதில்லை. ஆனாலும் மேய்ப்பவரும் புலியும் ஒன்றல்ல. நாளைக்கு மந்தை இருக்கவேண்டும் என்ற கவலை புலிக்குக் கிடையாது. விதிகளிலும் புலி அந்தக் கவலையோடு ஆடவேண்டியதில்லை. அறுப்பதற்கும் அழிப்பதற்கும் இடையில் உள்ள கோடு அந்தக் கவலைதான். தோல் தொழில் அந்தக் கோட்டைத் தாண்டியது ஆட்டின் விஷயத்தில் அல்ல, ஆற்றின் விஷயத்தில். வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, தோல் வட்டாரத்தில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுதாகவோ கெட்டுப்போனதைப் பதிந்தது. கெடுத்தவரே ஈடு கட்டவேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தில் ஊன்றி நின்றதற்கு இந்த வழக்கு ஒரு முக்கியத் தூண். நிலமும் கிணறும் இழந்தவர்கள் ஆலையை இடிக்கவில்லை. அவர்களால் முடிந்தது வழியை மறிப்பது. மறிப்பதில் பாதிதான் வென்றார்கள். 2025 ஜனவரி 30 அன்று பாலாற்றுக்காக உச்ச நீதிமன்றம் இன்னொரு முறை, ஈட்டுத்தொகை முறையாகப் போய்ச் சேரவேண்டும் என்று தீர்ப்பெழுத வேண்டியிருந்தது.

இதைச் சொல்லும்போது ஒரு தவறு செய்துவிடக் கூடாது. ஆலை புலி, ஊர் ஆடு என்று வரைந்துவிடுவது சுலபம். கட்டத்தில் யார் புலி என்பது முதல் காய் வைக்கும் முன்பே தெரியும். ஊரில் அப்படித் தெரிவதில்லை. குழியில் நின்று கைத்தோல் வெந்தவரும் கிணறு கெட்டவரும் பல வீடுகளில் ஒரே ஆள். ஆலை மூடினால் அவருக்குச் சோறு இல்லை, ஓடினால் அவருக்குத் தண்ணீர் இல்லை. 2015 ஜனவரியில் ராணிப்பேட்டை சிப்காட் தொழிற்பேட்டையில் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் தொட்டிச் சுவர் இடிந்து, உறங்கிக்கொண்டிருந்த பத்துத் தொழிலாளர்கள் அந்தச் சேற்றிலேயே மூழ்கிச் செத்தார்கள். ஆற்றைக் காப்பதற்காகக் கட்டிய தொட்டி அது. எந்த விளையாட்டின் இருண்ட நகைச்சுவையும் இதன் அருகே வர முடியாது, வரவும் கூடாது. இறந்தவர்களை எண்ணிச் சொல்ல முடிகிறது. ஓரமாக எடுத்து வைத்துவிட்டு அடுத்த நகர்வுக்குப் போக முடிவதில்லை. மேய்ப்பவரின் கணக்கு மந்தைக்குச் செல்லும், மனிதருக்குச் செல்லாது. இந்த ஆட்டத்தின் எல்லையை நான் அங்கே வைக்கிறேன்.

அந்த எல்லைக்குள் இதைவிட நுட்பமான பிழைப்பு விளையாட்டை நான் அறியேன். குறை இல்லாமல் இல்லை. இருவரும் தேர்ந்தவர்களானால் ஒரே இரண்டு சந்திகளுக்கிடையே முன்னும் பின்னும் நகர்ந்து பொழுது போகும். தேராதவர் ஆடு பிடித்தால் பத்தாவது காய் இறங்கும் முன்பே முடிந்துவிடும். முதல் பாதியில் ஆட்டுக்காரருக்குப் பொறுமையைத் தவிர ஆயுதம் கிடையாது. பிள்ளைகள் எல்லாரும் புலி வேண்டும் என்று அடம்பிடிப்பது அதனால்தான். ஆனால் பதினைந்தும் இறங்கி, ஒன்றோ இரண்டோ போய், மிச்சமிருப்பவை நகரத் தொடங்கும் அந்த நேரம் வந்ததும் பலகை தலைகீழாகிறது. அதுவரை எங்கும் திரிந்த புலிகள் ஒவ்வொன்றாக உச்சிக்கு அருகில் ஒதுங்கும். நெருக்கம் மேலே ஏறும். கடைசியில் வழி மூடும்போது புலி சாவதில்லை, எடுக்கப்படுவதும் இல்லை. ஆடுகளின் நடுவே அப்படியே உட்கார்ந்திருக்கும். ஓரத்தில் வைத்த இரண்டு கூழாங்கல்லையும் எடுத்து மற்றதோடு சேர்த்து எண்ணுவார்கள், பதினைந்து சரியாக இருக்கிறதா என்று. பிறகு பக்கம் மாறி உட்கார்வார்கள்.